கண்ணாடிக் கொட்டகையில் இருந்த ஆறு செடிகள்

வாக்குமூலம் அளிப்பவர்: கெஸீனே ஹார்ம்ஸ், வயது 54, கணவர் பெயர் ஹாபோ ஹார்ம்ஸ். தொழில்: ரொட்டிக் கடையில் விற்பனையாளர். இருப்பிடம்: லேர் நகரை ஒட்டிய கால்வாய்த் தெரு, கடைசி வீடு. பதிவு செய்தவர்: துணை ஆய்வாளர் வோல்டர்ஸ்.

நான் மேற்கண்ட முகவரியில் என் கணவருடன் சொந்த வீட்டில் வசித்து வருகிறேன். வீட்டில் எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை. இன்று கடையில் என் வேலை முடிந்ததும் ஆய்வாளர் அழைத்தபடி நிலையத்துக்கு வந்தேன். கணவருக்கு எதிராக நான் எதுவும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்று எனக்குத் தெரிவிக்கப்பட்டது. அவருக்கு எதிராகச் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது, ஆனால் அதெல்லாம் காவல் துறை விசாரிக்கிற விஷயம் இல்லை என்று பதில் சொன்னேன். அதை எழுத வேண்டாமே என்றார் ஆய்வாளர். எழுதத்தான் வேண்டும் என்றேன்.

எங்கள் தோட்டத்துக் கண்ணாடிக் கொட்டகையில் ஆறு கஞ்சாச் செடிகள் இருக்கின்றன. வயது வந்த ஒருவர் தன் வீட்டில் மூன்று செடி வரை வளர்க்கலாம், நான்காவது செடி குற்றம் என்பது இப்போதைய சட்டம். எங்கள் வீட்டில் இரண்டு பேர், ஆகவே ஆறு செடி. ஆனால் அந்தச் செடிகள் எங்களுடையவை அல்ல, வேறு வீட்டில் வசிக்கும் இம்கே போல்மன் என்ற பெண் எங்கள் இடத்தில் வைத்து வளர்ப்பவை என்று புகார் வந்திருக்கிறது. மூன்று என்னுடையவை, மூன்று என் கணவருடையவை என்று நான் சொல்லிவிட்டால் வழக்கே இல்லை என்றும், என் கணவர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார் என்றும் ஆய்வாளர் விளக்கினார். இம்கேயுடையவை என்றால் அவள் மேல் வழக்கு, இடம் கொடுத்த என் கணவரும் மாட்டுவார்.

நானும் அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன். மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. ஆனால் ஆய்வாளர், சரிபார்ப்பதற்காக என்று, இம்கே நேற்றுக் கொடுத்த வாக்குமூலத்திலிருந்து ஒரு பகுதியை வாசித்தார். செடிகள் ஹார்ம்ஸ் தம்பதிக்குச் சொந்தமானவை என்றும், தான் நட்புக்காக வந்துபோனதாகவும், ஆனால் அந்த ஆறு செடிகளையும் வெட்டி, வளைத்து, அந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தது தன் கைதான் என்றும் அதில் இருந்தது. நான் மேலங்கியைக் கழற்றி நாற்காலியின் முதுகில் மாட்டினேன். முதலிலிருந்து சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

என் கணவர் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். முதுகு வலிக்காரர். இரவில் தூக்கம் வருவதற்குக் கஞ்சா உதவுகிறது என்பதால் சட்டம் வந்ததும் விதை வாங்கினார். இந்த ஆண்டு ஏப்ரலில் தயிர்க் கோப்பைகளில் ஊன்றி, சமையலறை ஜன்னலில் வைத்தார். மூன்று உன் பெயரில் இருக்கட்டும் என்றார். எந்த மூன்று என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு அந்தப் புகையின் வாடையே ஆகாது. என் வேலை வேலியோரத்து ரோஜாக்கள். ஒவ்வொரு பிப்ரவரியிலும் அவற்றை நான்தான் வெட்டிவிடுகிறேன், ஒரு வருடம்கூட அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது கிடையாது.

அதன் பிறகு மே மாதம் செடிகள் கொட்டகைக்குப் போயின. என் கணவர் தினமும் தண்ணீரை ஊற்றித் தள்ளினார், இலைகள் மஞ்சளாகித் தொங்கின. அப்போதுதான் மதுக்கடையின் பின்னறையில் கூடும் செடி வளர்ப்போர் குழுவில் அவருக்கு இம்கே பழக்கமானாள். அவள் வீட்டில் வெயில் விழாதாம். அதனால் செடி வைக்க முடியாத குறையை அடுத்தவர் வீட்டுச் செடியில் தீர்த்துக்கொள்வாள். சைக்கிளில் வந்தாள். இடுப்பில் தோல் உறைக்குள் ஒரு கத்தரிக்கோல். என்னைவிட ஏழு வயது இளையவள்.

"கெஸீனேக்கா, உங்களப் பத்தி ஹாபோ நெறய சொல்லியிருக்காரு," என்றாள். அந்த அக்காவை அவள் எதற்கு வைத்தாள் என்று எனக்குத் தெரியாதா. என்ன சொல்லியிருக்கிறார் என்று கேட்டேன். "நல்லா கேக் செய்வீங்கன்னாரு," என்றாள்.

அன்று தேநீர் வைத்தேன். எங்கள் பக்கம் மூன்று கோப்பை குடிப்பது வழக்கம், போதும் என்றால் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்துவிட வேண்டும், வைக்காதவரை வீட்டுக்காரி ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இம்கே இந்த ஊரில் பிறந்தவள், அவளுக்கு இது தெரியாமல் இல்லை. அவள் கரண்டி தட்டிலேயே கிடந்தது. நான் நான்காவதும் ஊற்றினேன், ஐந்தாவதும் ஊற்றினேன். அவள் பேசிக்கொண்டே இருந்தாள், அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவள் சொன்னது இதுதான். "மண்ணப் பாத்துத் தண்ணி ஊத்தாதீங்க. தொட்டியத் தூக்கிப் பாருங்க, காத்து மாதிரி இருந்தா ஊத்துங்க, கனத்தா விட்டுருங்க." என் கணவர் தேவாலயத்தில் பிரசங்கம் கேட்பதுபோல் தலையாட்டினார். அடுத்த நாள் ஆறு தொட்டிகளையும் தூக்கிப் பார்த்தார். இதே விஷயத்தை என் ஜன்னல் தொட்டிகளுக்காக நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் அவருக்கு முதுகு வலித்தது.

அதன் பிறகு அவள் வாரம் தவறாமல் வந்தாள். ஆறு செடிகளில் உயரமானதற்கு ராணி என்று பெயர் வைத்தாள். ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இருவரும் குழுக் கூட்டத்துக்குச் சைக்கிளில் சேர்ந்து போனார்கள். முதுகு வலிக்காரர் சைக்கிளில் போனார் என்பதை ஆய்வாளர் கவனிக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. இதை வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை, பொறாமைதான். நான் ரோஜாக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய், ராணியின் தலையைக் கீழிருந்து ஐந்தாவது கணுவுக்கு மேலே ஒரே வெட்டாக வெட்டினேன். அது செத்துப்போக வேண்டும் என்பதற்காகவே வெட்டினேன். ரோஜாவைக் குளிரில் அது உறங்கும்போதுதான் வெட்டுவோம். கோடையில் ஒற்றைத் தண்டாக வளரும் செடியின் தலையை எடுத்தால் சூரியகாந்தி போல அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். வெட்டிய நுனியை உரக்குழியில் புதைத்தேன்.

அது சாகவில்லை. கொஞ்ச நாளில் வெட்டிய இடத்துக்குக் கீழே இருந்த இரண்டு கவட்டுக் கொழுந்துகளும் மேலே கிளம்பி, ஒரு தலை இருந்த இடத்தில் இரண்டு தலை நின்றது. என் கணவர் அதைப் பார்த்துவிட்டு இம்கேயைக் கூப்பிட்டுக் காட்டினார். "நீ போன வாரமே வெட்டிட்டியா? சொல்லவே இல்ல. ரெண்டு தலை வந்துருச்சு பாரு," என்றார். நான் பக்கத்தில் துணி உலர்த்திக்கொண்டு நின்றேன். அவள் வெட்டவில்லை என்பது அவளுக்குத் தெரியும். செடியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு, "சில வேளைல கை தானாப் போயிரும் ஹாபோ," என்றாள்.

என் கணவர் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "என்ன கை இது," என்றார்.

நான் அவருக்கு மனைவியாக இருந்த இத்தனை வருடத்தில் என் கையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வெட்டியது நான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். எதற்காக வெட்டினாய் என்று கேட்டால் என்ன சொல்வது? கொல்ல நினைத்தேன் என்றா? அடுத்த துணிக்குக் கிளிப் மாட்டினேன்.

அதன் பிறகு ஜூலையில் ஒரு பகல் மீண்டும் கொட்டகைக்குப் போனேன். இந்த முறை இரண்டாவது செடியை ஒடித்துப் போடும் எண்ணத்தோடு தண்டைப் பிடித்து வளைத்தேன். உள்ளே நாரெல்லாம் நொறுங்கும் சத்தம் கேட்டது, தண்டு மடிந்து தொங்கியது. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. என்ன காரணம் என்று ஆய்வாளர் கேட்டார், எனக்குத் தெரியவில்லை. உடனே வீட்டுக்குள் ஓடி, காயத்துக்குச் சுற்றும் ஒட்டுத்துணியைக் கொண்டுவந்து, தண்டை நிமிர்த்திச் சுற்றி, ஒரு குச்சியை அணைத்துக் கட்டினேன். ஒரு வாரத்தில் அந்த இடம் முழங்கால் மாதிரி புடைத்து, பழைய தண்டைவிடத் தடித்துவிட்டது. என் கணவர் அதையும் அவளிடம் காட்டினார். பெரிய வளர்ப்பாளர்கள் வேண்டுமென்றே இப்படி நொறுக்கிவிடுவார்கள், செடி உறுதியாகும் என்று அவள் அவருக்குப் பாடம் எடுத்தாள். என்னைப் பார்த்து, "அக்கா, உங்க வீட்டு ஒட்டுத்துணியக் கேக்காம எடுத்துட்டேன், கோவிச்சுக்காதீங்க," என்றாள். என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். அதாவது அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் வாய் திறக்க மாட்டேன் என்பதும் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு என் எண்ணம் மாறியது. அவளுக்குப் போகிற பேர் என்னிடமிருந்து போகிறது என்பதால் அந்தச் செடிகள் எனக்கு வேண்டியவை ஆகிவிட்டன. கடை வேலை மதியத்தோடு முடிந்துவிடும், கணவர் மாலைதான் வருவார், இடையில் கொட்டகை என்னுடையது. மற்ற செடிகளின் நுனியையும் முறையாக எடுத்தேன். ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால் துடைத்தேன். பழைய காலுறைகளை நாடாவாகக் கிழித்து, கிளைகளை வெளிப்பக்கம் வளைத்துத் தொட்டியின் விளிம்பில் கட்டினேன், நடுவில் வெயில் இறங்கியது. அடியில் வெளிச்சம் பார்க்காத சின்னக் கிளைகள் சத்தை வீணாகத் தின்னும் என்பதால் அவற்றை நீக்கினேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டினால் செடி மிரண்டுவிடும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தேன். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவள் தேநீர் மேசையில் அவரிடம் சொன்னதைக் கேட்டேன், அவள் தப்பாகச் சொன்னதைச் செடியிடம் கேட்டுத் திருத்திக்கொண்டேன்.

அவர் மாலையில் வந்து பார்ப்பார், புகைக்குழாயைப் பற்ற வைத்துக்கொண்டு, "இம்கே இன்னைக்கும் வந்துட்டுப் போயிருக்கா போல," என்பார். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பேன். என் விரல்களில் பச்சைப் பிசின் ஒட்டியிருக்கும், வாடை ஆளைத் தூக்கும். ஒரு நாள்கூட அவர் மூக்குக்கு அது எட்டவில்லை.

ஆகஸ்டில் மொட்டு வைக்கத் தொடங்கியது. அதன் பிறகு கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட வேண்டும், மொட்டை மறைக்கும் ஒன்றிரண்டு இலையை மட்டும் எடுக்கலாம். இம்கே வந்து, பெரிய இலைகள் அத்தனையையும் உருவிவிட்டால்தான் மொட்டு வெயில் குடிக்கும் என்றாள். அப்போது முதல் தடவையாக நான் பேசினேன். "வேணாங்க. இலைதான் அதுக்குச் சாப்பாடு. உருவிட்டா நின்னுரும்," என்றேன். என் கணவர், "உனக்கு இதுல என்னம்மா தெரியும்? இம்கே சொல்றால்ல," என்றார். இருவருமாக ஆறாவது செடியை என் கண் முன்னால் மொட்டையடித்தார்கள். அவள் அதற்குமுன் அந்தக் கொட்டகையில் எத்தனையோ தடவை படம் காட்ட ஓர் இலை, இரண்டு இலை கிள்ளியிருக்கிறாள். முழுதாக அவள் கை பட்ட செடி இந்த ஆறு மாதத்தில் அது ஒன்றுதான். மற்ற ஐந்தும் பருத்தன, அது அப்படியே நின்றுவிட்டது. செடி சரியில்லாத விதையிலிருந்து வந்தது என்று காரணம் சொன்னாள்.

அதன் பிறகு செப்டம்பர் மழை பிடித்துக்கொண்டது. கொட்டகைக்குள் ஈரம் தேங்கி, ராணியின் தடித்த மொட்டு ஒன்றின் உள்ளே சாம்பல் பூஞ்சை வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சிறு இலை காய்ந்திருப்பது மட்டும்தான் தெரியும். நான் அழுகலுக்குக் கீழே நல்ல தண்டு வரும்வரை வெட்டி எடுத்து எரித்தேன். தினமும் கூரைக் கண்ணாடிகளைத் திறந்துவிட்டு, கிளைகளை உலுக்கி ஈரத்தை உதறினேன், தொட்டிகளைத் தள்ளி வைத்துக் காற்றோட்டம் விட்டேன். அந்த ஆறாவது நோஞ்சானையும் வெயில் விழும் மூலைக்கு மாற்றி, அதன் இலைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டேன். பூஞ்சை வந்ததே என் கணவருக்கு இன்றுவரை தெரியாது. இம்கே மழையில் வரவில்லை.

மழை விட்டதும் வந்தாள். செடிகளின் முன்னால் கையை விரித்து நின்று, என் கணவரைப் படம் எடுக்கச் சொல்லி, 'என் ஆறு ராணிகள்' என்று எழுதிக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டாள். அதைப் பார்த்த யாரோ ஒருவர்தான் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறார். நான் இல்லை. நானாக இருந்திருந்தால் பெயரை மறைத்திருக்க மாட்டேன்.

நான் இவ்வளவும் சொன்ன பிறகு ஆய்வாளர் எழுதுவதை நிறுத்தினார். நான் இதுவரை சாட்சியாகப் பேசியதாகவும், இனி சொல்வது எனக்கு எதிராகவே திரும்பக்கூடும் என்றும், மௌனமாக இருக்கவும் வழக்கறிஞரைக் கேட்கவும் எனக்கு உரிமை உண்டு என்றும் முறைப்படி தெரிவித்தார். பிறகு முறை இல்லாமலும் பேசினார். "அம்மா, கொஞ்சம் யோசிங்க. ஆறையும் நீங்களே பாத்துக்கிட்டதாச் சொன்னா ஆறும் உங்களுதுன்னு ஆகும். மூணுக்கு மேல போனா குத்தம். மூணு உங்களுது, மூணு அவரோடதுன்னு ஒரு வரி சொல்லுங்க, நான் இதக் கிழிச்சுப் போட்டுட்டுப் புதுசா எழுதறேன்."

இம்கேயுடையவை என்று சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவளுக்குத் தண்டனை கிடைக்கலாம் என்றார். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அப்படிச் சொன்னால் இந்த ஊர் இருக்கும்வரை அவை அவள் செடிகள் என்று எழுத்தில் நின்றுவிடும். அவளை உள்ளே தள்ளுவதற்காகக்கூட அதை அவளுக்குக் கொடுக்க முடியாது என்றேன்.

சரி, மூன்றை விட்டுக்கொடுங்கள், எந்த மூன்று என்று நீங்களே சொல்லுங்கள் என்றார் ஆய்வாளர். நான் உண்மையிலேயே முயன்று பார்த்தேன். ராணியை விட முடியாது, ஒடிந்து தேறியதை விட முடியாது. மற்றவற்றில் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அந்த நோஞ்சானையாவது கொடுத்துவிடலாம் என்றால், அதுதான் என்னிடம் அதிகம் வேலை வாங்கியது.

அப்போது என் கணவர் கதவைத் தட்டினார். கையெழுத்துப் போடுவதற்கு என் மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லி ஆய்வாளர் முன்பே அவருக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தார். ஆய்வாளரின் அனுமதியோடு உள்ளே வந்தார். "இன்னும் முடியலையா? மூணுன்னு சொல்லிட்டு வாம்மா, வீட்டுக்குப் போலாம்," என்றார்.

நான் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க ஆய்வாளரிடம் அனுமதி கேட்டேன், கொடுத்தார். "சொல்றேன். ஆறுல உங்க மூணு எது? அத மட்டும் சொல்லுங்க, அப்படியே எழுதச் சொல்லிட்டுக் கெளம்புறேன்," என்றேன். மனதார அப்படிச் செய்யத்தான் நினைத்தேன். ராணி என்று ஒரு பெயர் சொல்லியிருந்தால்கூட, என் மனம் கேட்காவிட்டாலும் விட்டிருப்பேன்.

அவர் கண்ணாடிக் கூட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பி யோசித்தார். பிறகு, "எதுன்னா என்ன சொல்றது? அத இம்கேயத்தான் கேக்கணும்," என்றார்.

நான் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு, ஆறும் என்னுடையவை, அப்படியே எழுதுங்கள் என்று ஆய்வாளரிடம் சொன்னேன்.

மேலே எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், நானும் ஒரு முறை வாசித்தேன். நான் சொல்லாதது எதுவும் இதில் இல்லை, சொன்னது எதுவும் விடுபடவில்லை. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், வேண்டாம் என்று இருவர் தடுத்தும், என் மனமறிந்து உண்மையைச் சொல்லிக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) கெஸீனே ஹார்ம்ஸ்

என் முன்னிலையில்,
வோல்டர்ஸ், துணை ஆய்வாளர்